கரகரப்புக்கு ஓர் எண்

குரல் கம்மியவரின் தொண்டையில் என்ன நேர்ந்திருக்கிறது என்று கணிக்க, பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை மருத்துவர் பெரிதும் நம்பியிருந்தது தம் காதையே ஆகும். பாட்டுப் பயிற்றுவிப்பதைத் தொழிலாகக் கொண்ட மனுவேல் கார்சியா, 1854இல் சிறு கண்ணாடிகளின் துணையால் வெயிலைத் தம் தொண்டைக்குள் செலுத்திக் குரல்நாண்களின் அசைவைத் தாமே கண்டு, மறு ஆண்டு அதை லண்டன் ராயல் சொசைட்டிக்குத் தெரிவித்த பின்னர், கண்ணும் துணைக்கு வந்தது. ஆயினும் அக்கண்ணாடி காட்டியது உறுப்பைத்தான், ஒலியை அன்று. ஆணின் குரல்நாண்கள் பேச்சில் நொடிக்கு ஏறத்தாழ 100 முதல் 130 முறையும் பெண்ணின் குரல்நாண்கள் 200 முறை அளவிலும் சேர்ந்து பிரிவதால், அந்த வேகத்தில் நிகழும் தடுமாற்றம் வெறுங்கண்ணுக்குப் பிடிபடுவதில்லை.

ஒலியையே தாளில் படமாகக் காட்டிய கருவி, அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் உருவாகி, போர் முடிந்த பின்னரே வெளியுலகுக்கு அறிவிக்கப்பட்டது. ஸ்பெக்ட்ரோகிராஃப் எனப்பட்ட அது, 2.4 நொடிப் பேச்சைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஆற்றல் உள்ளது என்பதைக் கருமையின் அடர்த்தியாகப் பதித்தது. தெளிவான குரலில், அடிப்படை அதிர்வெண்ணின் முழு மடங்குகளாகிய மேற்சுரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய கோடுகளாகத் தோன்றும். கம்மிய குரலில் அக்கோடுகளுக்கிடையே இரைச்சல் புகைபோலப் படியும். 1967இல் ஆய்வாளர் யானகிஹாரா, இரைச்சல் மேற்சுரங்களை எவ்வளவு விழுங்கியிருக்கிறது என்பதைக் கொண்டு கரகரப்பை நான்கு வகைகளாகப் பிரித்தார். அதுவும் படத்தைப் பார்த்துக் கூறும் தீர்ப்பே. காதின் இடத்தில் கண் அமர்ந்தது, அவ்வளவுதான்.

எண்ணாக அளக்கும் வழி அதற்குச் சற்று முன்பே திறந்திருந்தது. 1961இலும் 1963இலும் வெளியிட்ட கட்டுரைகளில் பிலிப் லீபர்மன், அடுத்தடுத்த இரு அதிர்வுச் சுழற்சிகளின் கால அளவு எவ்வளவு வேறுபடுகிறது என்று கணக்கிட்டார். இத்தகைய தள்ளாட்டம் இயல்பான குரலிலும் உண்டு. அது அறவே இல்லாத குரல் இயந்திரத்தின் குரலாகவே ஒலிக்கும். 0.5 மில்லிநொடியை எட்டும் வேறுபாடுகள் எத்தனை விழுக்காடு வருகின்றன என்பதை அவர் அளவாகக் கொண்டு, குரல்வளையில் கட்டி வளர்ந்தவர்களிடம் அது மிகுந்திருப்பதைக் காட்டினார். ஆனால் 0.5 மில்லிநொடி என்பது நொடிக்கு 100 முறை அதிரும் குரலில் ஒரு சுழற்சியின் இருபதில் ஒரு பங்கு; 200 முறை அதிரும் குரலிலோ பத்தில் ஒரு பங்கு. எனவே பின்வந்தோர் தள்ளாட்டத்தைச் சராசரிச் சுழற்சிக் காலத்தால் வகுத்து விழுக்காடாக்கினர். காலத்தின் தள்ளாட்டம் ஜிட்டர் என்றும், ஒலியலை வீச்சின் தள்ளாட்டம் ஷிம்மர் என்றும் வழங்கலாயின. 1982இல் யுமோட்டோவும் துணை ஆய்வாளர்களும் 50 சுழற்சிகளின் சராசரியைக் குரலின் சீரான பகுதியாகவும், அதிலிருந்து விலகுவதை இரைச்சலாகவும் கொண்டு, இரண்டின் விகிதத்தை டெசிபெலில் கணித்தனர்.

இக்கணக்குகள் அனைத்துக்கும் ஒரு முன்நிபந்தனை உண்டு: ஒரு சுழற்சி எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்பது தெரிந்திருக்க வேண்டும். நோய் முற்றிய குரல் இழப்பதோ அந்த எல்லையைத்தான். அளவுகோல் யாருக்கு மிகவும் தேவைப்பட்டதோ அவர்களிடமே அது பொய்த்தது என்பதை, கணினியின் வேகத்தில் மயங்கியிருந்த துறை சற்றுத் தாமதமாகவே ஒப்புக்கொண்டது எனலாம். 1994இல் அமெரிக்காவில் கூடிய கருத்தரங்கின் முடிவுகளைத் தொகுத்த இங்கோ டிட்சே, குரல் சமிக்ஞைகளை மூவகையாக்கி, ஏறக்குறையச் சீராக அதிரும் முதல் வகைக்கு மட்டுமே ஜிட்டர் போன்ற அளவுகள் பொருந்தும் என்று வரையறுத்தார்.

அதே ஆண்டில் ஹில்லன்பிராண்டும் துணை ஆய்வாளர்களும் செப்ஸ்ட்ரம் என்ற பழைய கருவியைக் குரலுக்குப் பயன்படுத்தினர். நில அதிர்வின் எதிரொலிகளைப் பிரித்தறிய 1963இல் முன்வைக்கப்பட்ட இம்முறையின் பெயர், ஸ்பெக்ட்ரம் (நிறமாலை) என்ற சொல்லின் முதல் நான்கு ஆங்கில எழுத்துகளைத் தலைகீழாக்கிப் பெற்ற விளையாட்டுப் பெயர். நிறமாலையையே ஓர் அலையாகக் கருதி மீண்டும் பகுக்கும் இம்முறையில், மேற்சுரங்கள் ஒழுங்காக அமைந்திருந்தால் ஓர் உச்சி ஓங்கி நிற்கும். குரல் சிதையச் சிதைய அது தாழும். சுழற்சிகளைத் தனித்தனியே வெட்டியெடுக்க வேண்டியதில்லை என்பதால், நீட்டி ஒலிக்கும் 'ஆ'வுக்கு மட்டுமன்றித் தொடர்பேச்சுக்கும் இது பயன்படுகிறது. 2018இல் அமெரிக்கப் பேச்சு, மொழி, கேட்டல் சங்கத்தின் வல்லுநர் குழு பரிந்துரைத்த அளவுகளில் இந்த உச்சி இடம்பெற்றது. ஆயினும் ஒரே குரலுக்கு வெவ்வேறு மென்பொருள்கள் வெவ்வேறு உச்சி மதிப்புகளைத் தருவதால், ஒரு மென்பொருளுக்கு வகுத்த எல்லையை மற்றொன்றுக்கு அப்படியே பொருத்த இயலுவதில்லை.