சோழர் காலப் பெண்டிர் உடையும் மேடை ஒப்பனையும்

சோழர் வரலாற்றை மேடையேற்றுவோர் கல்வெட்டைப் பயின்று உரையாடல் எழுதுகின்றனர். மெய்க்கீர்த்தியை நோக்கிப் பட்டப்பெயர் சூட்டுகின்றனர். ஆயினும், குந்தவை மேடையில் தோன்றுங்கால் சரிகைப் புடவையும் தைத்த இரவிக்கையும் அணிந்தே தோன்றுகிறார். அவ்விரவிக்கை 19, 20ஆம் நூற்றாண்டுகளில் பரவியது. மடிப்புக் கலையாமற் காக்கும் ஊக்கோ 1849இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றது. சொல்லுக்குச் சான்று தேடும் நாம் உடைக்குத் தேடுவதில்லை.

தேடின் கிடைப்பன யாவை? நம் நாட்டு வெப்பமும் ஈரமும் துணியை நெடுங்காலம் விட்டுவைப்பதில்லை. எனவே செப்புத் திருமேனி, சிற்பம், ஓவியம், கல்வெட்டு ஆகியவற்றையே நாட வேண்டியுள்ளது.

இவற்றுள் திருமேனிகளை அப்படியே பின்பற்றுதல் பொருந்தாது. திருமாலின் இருபுறமும் நிற்கும் தேவியருள் திருமகளுக்கு மார்புக்கச்சு உண்டு, நிலமகளுக்கு இல்லை. இது தேவியரை வேறுபடுத்தும் சிற்ப மரபேயன்றி, அக்கால மகளிர் இருவகையாக உடுத்தினர் என்பதற்குச் சான்றாகாது. சிற்பத்தின் உடை ஒருவகை மொழி. அதற்கும் இலக்கணம் உண்டு. தஞ்சைப் பெரிய கோயிலில், நாயக்கர் கால ஓவியங்களின் அடியில் 1931இல் கண்டறியப்பட்ட சோழர் ஓவியங்களில் ஆடல் மகளிர் காணப்படுகின்றனர். இவர்களையும் இம்மரபறிந்தே நோக்க வேண்டும். தாராசுரத்தில் அடியார் வரலாறு கூறும் சிறு சிற்பங்கள், அரண்மனைக்கு வெளியே வாழ்ந்தோரையும் காட்டுதலால் தனிச் சிறப்புடையன.

கல்வெட்டின் இயல்பு வேறு. குந்தவை இறைத்திருமேனிகளுக்கு அளித்த அணிகலன்களில் கோத்த முத்துக்களின் எண்ணிக்கையையும், 'ஆடவல்லான்' என்னும் கல்லால் நிறுத்த பொன்னின் எடையையும் தஞ்சைக் கல்வெட்டு விடாது கூறுகிறது. தளிச்சேரிப் பெண்டிர் நானூற்றுவரின் பெயர்களையும், ஒவ்வொருவருக்கும் உரிய ஆண்டுக்கு 100 கலம் நெல்லையும் பொறித்துள்ளது. அவர்கள் உடுத்த துணியைப் பற்றியோ ஒரு சொல்லும் இல்லை. அம்மௌனத்தை, 1930களுக்குப் பின் உருப்பெற்ற பரதநாட்டிய உடையால் மேடையினர் நிரப்பிவிடுகின்றனர். பெயரோடு நமக்குக் கிடைத்த பெண்டிர் இதனால் மீண்டும் முகமற்றவராகின்றனர்.

இவ்விடத்துச் செய்யத்தக்கது, சான்றுள்ளதைக் கொண்டு இல்லாததை எளிமையாக விடுதலே. தையலற்ற பருத்தித் துணியை இடையிற் சுற்றி முடிச்சிட்டு உடுத்தலாம். மார்பிற்கு முதுகுப்புறம் முடியும் கச்சு போதும். அது சிற்பத்திற் காணப்படுவது, இன்றைய அவைக்கும் இசைவது. சரிகையையும் ஊக்கையும் விலக்குதல் வேண்டும். முடிச்சை நம்பி உடுத்தவரின் நடையும் அமர்வும் தாமே மாறும். அம்மாற்றம் எந்த உரையாடலும் தராத வரலாற்று உணர்வைத் தரும்.

கவிஞர்க்கும் இது அயலான செய்தியன்று. பழங்காலத்துப் பெண்ணொருத்தியைப் பாட்டில் நிறுத்துவோர், அவள் வாயில் எச்சொல்லை வைப்பது என்று எண்ணுமளவுக்கு, அவள் தோளில் எத்துணியை இடுவது என்றும் எண்ணுதல் வேண்டும். நமக்குப் பழகியதை அவளுக்கு உடுத்திவிட்டால், மேடையில் நாம் காண்பது நம்மையே.