எட்வர்ட் யார்?

எங்கள் வீட்டு ரோஜா செத்துப்போன பிறகுதான் ஒழுங்காகப் பூக்க ஆரம்பித்தது.

நான் ஆசைப்பட்டு வாங்கிவந்தது மஞ்சள் ரோஜா. ஒட்டுச்செடி. இரண்டாவது கோடையில் மேல்பகுதி கருகிவிட்டது. ஒட்டுக்குக் கீழே, வேர்ச்செடியிலிருந்து மட்டும் நாலைந்து தளிர்கள் கிளம்பின. அப்படி வருவதை உடனே நீக்கிவிட வேண்டும், இல்லையென்றால் சத்தையெல்லாம் அதுவே இழுத்துக்கொள்ளும் என்று படித்திருந்தேன். கத்தரியோடு போனேன். "மேலதான் செத்துப்போச்சே, இனிமே யாருக்காக வெட்டுற? விடு" என்றார் அம்மாச்சி.

விட்டேன். சில மாதங்களில் அது புதராக விரிந்து, கொத்துக்கொத்தாக இளஞ்சிவப்பில் பூத்தது. தளர்வான இதழ்கள், தொட்டால் உதிரும். ஆனால் மணம்! "நம்ம பன்னீர் ரோஸ்ல!" என்றார் அம்மாச்சி. நர்சரிக்காரர் பூவைப் பார்த்துவிட்டு வேறு பெயர் சொன்னார்: எட்வர்ட் ரோஸ். வேர் நன்றாகப் பிடிக்கும் என்பதால் ஒட்டுக்கட்ட இதையும் அடிச்செடியாக வைப்பார்களாம்.

எட்வர்ட் என்றதும் ஏதோ இங்கிலாந்து ராஜா என்றுதான் நினைத்தேன். தேடிப்போனால் கதை இந்தியப் பெருங்கடலில் ஒரு தீவில் போய் நின்றது. இன்றைக்கு ரீயூனியன், அன்றைக்கு போர்பன் தீவு, பிரெஞ்சுக் காலனி. அங்கே நிலங்களுக்கு ரோஜாவால் வேலி போடும் வழக்கம் இருந்தது. ஒரு வரிசை டமாஸ்க் ரோஜா, இன்னொரு வரிசை சீன ரோஜா. செயின்ட் பெனுவா என்ற ஊரில் எதுவார் பெரிஷோன் என்பவரின் வேலிச்செடிகளுக்கு நடுவே இரண்டு சாயலும் கொண்ட ஒரு செடி தென்பட்டதாகச் சொல்கிறார்கள். 1817இல் தீவின் தாவரத் தோட்டத்துக்குப் பொறுப்பேற்க வந்த பிரெயோன் அதன் மதிப்பைப் புரிந்துகொண்டு விதைகளை பிரான்சுக்கு அனுப்பினார். 'போர்பன் ரோஜா' என்ற வகையே அதிலிருந்து கிளைத்தது. எதுவார்தான் நம் வாயில் எட்வர்ட்.

அந்தக் கலப்பு ஏன் அவ்வளவு பெரிய விஷயம்? ஐரோப்பாவின் பழைய ரோஜாக்களில் பெரும்பாலானவை வருடத்துக்கு ஒருமுறை பூத்து ஓய்ந்துவிடும். சீன ரோஜா ஓயாது. பூப்பதை அடக்கிவைக்கும் ஒரு மரபணுவுக்குள் டிஎன்ஏ துண்டு ஒன்று நுழைந்து, அதைச் செயலிழக்க வைத்திருக்கிறது. 2012இல் இதை ஆய்வாளர்கள் விளக்கினார்கள். டமாஸ்க்கின் மணமும் சீனாவின் ஓயாத பூப்பும் ஒரே செடியில் சேர்ந்ததென்றால் அது லேசுப்பட்டதில்லை.

இதையெல்லாம் அம்மாச்சியிடம் சொன்னேன். வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டார்: "வேலி அவரோடது, சரி. குழி வெட்டினதும் அவரா?"

நான் படித்த எதிலும் அந்தக் கேள்வி இல்லை. போர்பன் அப்போது அடிமைகளின் உழைப்பில் ஓடிய தீவு. ஆப்பிரிக்காவிலிருந்தும் மடகாஸ்கரிலிருந்தும் பிடித்துக்கொண்டு வரப்பட்டவர்கள் காபித் தோட்டங்களிலும் கரும்பிலும் உழைத்தார்கள். 1848 டிசம்பர் 20இல்தான் அங்கே அடிமைமுறை முடிவுக்கு வந்தது. அதன்பின் கரும்புக்காட்டுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறியவர்களில் நம் ஆட்கள் ஏராளம். அவர்களின் வம்சாவளியை அங்கே இன்றும் 'மலபார்' என்கிறார்கள். அந்த வேலிக்குத் தண்ணீர் ஊற்றியவர், முள் குத்தக் குத்தக் கவாத்து செய்தவர், வித்தியாசமான அந்தக் கன்றைக் களையென்று பிடுங்காமல் விட்டவர் யாரென்று எங்கும் எழுதிவைக்கப்படவில்லை. செடிக்கு நிலக்காரரின் பெயர் நின்றுவிட்டது.

ரோஜாவை விதையிலிருந்து வளர்த்தால் தாய்ச்செடி மாதிரி வராது. பதியனாகவோ குச்சியாகவோ, ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போனால்தான் அதே செடி. அப்படியானால், ஏதோ வேலியோரத்தில் தப்பிப் பிழைத்த ஒரு கன்றின் உடம்புதான் எங்கள் கொல்லையிலும் நிற்கிறது. இருநூறு வருடங்களாக அதை யார் யாரோ வெட்டிக் கொடுத்திருக்கிறார்கள்.

போன ஐப்பசியில் கவாத்து செய்தேன். காய்ந்ததையும் ஒன்றோடொன்று உரசும் கிளைகளையும் எடுத்துவிட்டு, மற்றதைப் பாதியாகக் குறைத்தேன். வெட்டியதில் பென்சில் கனக் குச்சிகளாகப் பொறுக்கி, நாலு கணு இருக்கும்படி நறுக்கினேன். இரண்டு கணு மண்ணுக்குள், இரண்டு வெளியே. ஆறு குச்சியில் நாலு துளிர்த்தது. ஒன்று எங்களுக்கு, மீதி தெருவுக்கு.

எதிர்வீட்டு அக்கா தொட்டியை வாங்கிக்கொண்டு, "இது என்ன ரோஸ்டா?" என்றார்.

எட்வர்ட் என்று சொல்ல வாயெடுத்தேன். "எங்க அம்மாச்சி வெட்ட விடாத ரோஸ்க்கா" என்றேன்.