கையூன்றி எழும் வலிமை: வீட்டிலேயே செய்யத் தகுந்த தோள், மார்பு, கைப் பயிற்சிகள்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

நம் பள்ளிவாசல்களில் நாற்காலிகளின் எண்ணிக்கை ஆண்டுக்கு ஆண்டு கூடி வருகிறது. நோயாளிக்கு மார்க்கம் தந்த சலுகை அது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்த நாற்காலிகளில் அமர்வோரில் ஐம்பது வயதைக்கூட எட்டாதவர்களும் இருக்கிறார்கள் என்பது கவலைக்குரியது. முழங்கால் வலி ஒரு காரணம். ஸஜ்தாவிலிருந்து தரையில் கையூன்றி உடலைத் தூக்கி எழும் பலம் தோளிலும் கையிலும் இல்லாமல் போனது இன்னொரு காரணம்.

முன்பு இந்தப் பலத்தை யாரும் தனியாகத் தேடவில்லை. ஆண்கள் கிணற்றில் நீர் இறைத்தார்கள், மூட்டை தூக்கினார்கள், மண் வெட்டினார்கள். பெண்கள் உலக்கை பிடித்தார்கள், அம்மியில் அரைத்தார்கள், ஆட்டுக்கல் சுற்றினார்கள். இன்று மோட்டாரும் மிக்ஸியும் கிரைண்டரும் அந்த வேலைகளைச் செய்கின்றன. உழைப்பு குறைந்தது அல்லாஹ்வின் அருளே. ஆனால் அந்த உழைப்பு உடலுக்குத் தந்துவந்த வலிமையை இப்போது நாமாகத்தான் தேடிக்கொள்ள வேண்டும்.

மார்க்கம் என்ன சொல்கிறது?

தாலூத்தை மன்னராகத் தேர்ந்தெடுத்ததற்கான காரணத்தைக் குர்ஆன் கூறும்போது (2:247), அவருக்கு அறிவிலும் உடலிலும் மிகுதி வழங்கப்பட்டதைக் குறிப்பிடுகிறது. மூஸா (அலை) அவர்களைப் பணிக்கு அமர்த்துமாறு தந்தையிடம் பரிந்துரைத்த பெண் சொன்ன தகுதிகள் இரண்டு: வலிமை, நம்பகத்தன்மை (28:26). பலவீனமான இறைநம்பிக்கையாளரைவிட வலிமையான இறைநம்பிக்கையாளர் அல்லாஹ்வுக்கு மிகவும் உவப்பானவர், எனினும் இருவரிடமும் நன்மை உண்டு என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் கூறியது ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. அந்த வலிமையை முதன்மையாக ஈமானின் உறுதி என்றே அறிஞர்கள் விளக்கியுள்ளனர். உடல் வலிமை அதற்குத் துணை நிற்பது. இடைவிடாமல் நோன்பும் இரவு வணக்கமுமாக இருந்த அப்துல்லாஹ் பின் அம்ர் (ரலி) அவர்களிடம், உடலுக்கும் உம்மீது உரிமை உண்டு என்று நபியவர்கள் உணர்த்திய செய்தி புகாரியில் உள்ளது.

ஆகவே கண்ணாடி முன் நின்று தசையை ரசிப்பதோ பிறர் புகழ்வதோ நம் நோக்கமாக இருக்கக் கூடாது. நின்று தொழுவதற்கும், படுக்கையில் கிடக்கும் பெற்றோரைத் தூக்கி உட்கார வைப்பதற்கும், ஜனாஸாவின் சந்தூக்கைத் தோளில் சுமப்பதற்கும் வலிமை வேண்டும். இந்த நிய்யத்துடன் செய்யும் பயிற்சிக்கும் இன்ஷா அல்லாஹ் கூலி உண்டு.

காமா பயில்வானின் தண்டால்

உடல் எடையை மட்டும் கொண்டு பலம் பெறுவது புதிய முறை அல்ல. தண்டாலும் பஸ்கியும் இந்திய மல்யுத்தக் களங்களின் அடிப்படைப் பயிற்சிகள். அவற்றின் பலனுக்குச் சிறந்த சான்று 1878-இல் பிறந்த குலாம் முஹம்மத் என்ற காமா பயில்வான். 1910-இல் லண்டன் சென்ற அவரை, உயரம் போதாது என்று சொல்லி முதலில் போட்டியில் சேர்க்க மறுத்தார்கள். பின்னர் அமெரிக்க வீரர் ரோலரை அவர் வென்றார். போலந்து வீரர் ஸிபிஸ்கோவுடனான போட்டி இரண்டரை மணி நேரத்துக்கு மேல் நீடித்து முடிவின்றி நின்றது. மறு போட்டி நாளில் ஸிபிஸ்கோ வரவில்லை. பட்டம் காமாவுக்கே வழங்கப்பட்டது. 1928-இல் பாட்டியாலாவில் இருவரும் மீண்டும் மோதியபோது ஒரு நிமிடத்துக்குள் காமா வென்றார். 1960-இல் லாகூரில் அவர் காலமானார்.

நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கில் அவர் தண்டால் எடுத்ததாக அவரைப் பற்றி எழுதியவர்கள் குறிப்பிடுகிறார்கள். அந்த எண்ணிக்கை நமக்குத் தேவையில்லை. அந்த ஒழுங்குதான் தேவை. வயதுவந்தோர் வாரத்தில் குறைந்தது இரண்டு நாட்கள் தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சி செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகிறது. வாரம் 150 நிமிடங்கள் வேகமாக நடப்பது போன்ற மிதமான உழைப்பு இதற்கு அப்பாற்பட்டது. நடைப்பயிற்சி இதயத்துக்கு நல்லது. ஆனால் தோளுக்கும் கைக்கும் அது மட்டும் போதாது.

ஏழு படிகள்

புதுக்கோட்டையிலிருந்து சுமார் 16 கி.மீ. தொலைவில் உள்ள சித்தன்னவாசலுக்குப் பிள்ளைகளை அழைத்துச் சென்றவர்கள் ஏழடிப்பட்டத்தைப் பார்த்திருப்பார்கள். பழங்காலச் சமண முனிவர்கள் தங்கிய இயற்கைக் குகை அது; 17 கல் படுக்கைகளும் தமிழ் பிராமிக் கல்வெட்டும் அங்கே உள்ளன. குகைக்குச் செல்லப் பாறையில் வெட்டிய ஏழு கால்பிடிகளே அந்தப் பெயருக்குக் காரணம். எவ்வளவு பலசாலியும் அந்தப் பாறையை ஒரே தாவலில் கடக்க முடியாது. தண்டாலும் அப்படித்தான். முதல் நாளே தரையில் விழுந்து ஐம்பது எடுக்க முயன்று, மறுநாள் கையைத் தூக்க முடியாமல் போய், அத்துடன் விட்டுவிடுவோரே அதிகம். கீழுள்ள ஏழு படிகளில் உங்களால் எட்டு முறை சரியாகச் செய்ய முடிகிற படியிலிருந்து தொடங்குங்கள்.

1. சுவர்த் தண்டால்: சுவரிலிருந்து ஒரு கை தூரம் தள்ளி நின்று, தோள் உயரத்துக்குச் சற்றுக் கீழே உள்ளங்கைகளைப் பதியுங்கள். முழங்கையை மடக்கி மார்பைச் சுவரருகே கொண்டுசென்று திரும்புங்கள். முதியவர்களும் செய்யலாம்.

2. மேடைத் தண்டால்: சமையல் மேடை அல்லது ஜன்னல் திட்டில் கைகளை வைத்துச் செய்வது.

3. கட்டில் தண்டால்: அசையாத கட்டில் அல்லது திண்ணையின் விளிம்பில் கைகளை வைத்துச் செய்வது. ஏறத்தாழ இரண்டடி உயரத்தில் கை வைத்தால் உடல் எடையில் சுமார் 40 சதவீதம் கைகளுக்கு வரும்.

4. முழங்கால் தண்டால்: முழங்கால்களைத் தரையில் ஊன்றிச் செய்வது. எடையில் ஏறத்தாழப் பாதி கைகளுக்கு வரும்.

5. இறங்கும் தண்டால்: முழுத் தண்டால் நிலையில் இருந்து, ஐந்து எண்ணும் நேரத்தில் மெதுவாகக் கீழே இறங்குங்கள். எழும்போது முழங்காலை ஊன்றிக்கொள்ளலாம். முழுத் தண்டாலுக்கு உடலைத் தயார் செய்வது இதுதான்.

6. முழுத் தண்டால்: தலை முதல் குதிகால் வரை உடல் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கைக் கைகள் தாங்கும். 60 கிலோ எடையுள்ளவர் ஒவ்வொரு முறையும் சுமார் 40 கிலோவைத் தள்ளி எழுகிறார்.

7. கால் உயர்த்திய தண்டால்: ஓரடி உயரப் படியில் கால்களை வைத்துச் செய்வது. எடையில் சுமார் 70 சதவீதம் கைகளுக்கு வரும். பயில்வான்கள் செய்யும், இடுப்பை உயர்த்தி மார்பைத் தரையோரம் நீந்துவதுபோல் கொண்டுசென்று எழும் தண்டாலையும் இந்தப் படியில் பழகலாம்.

எல்லாப் படிகளுக்கும் பொதுவான விதிகள்: முழங்கைகள் பக்கவாட்டில் சிறகுபோல் முழுதாக விரியாமல் உடலிலிருந்து ஏறத்தாழ 45 பாகைக்குள் இருக்கட்டும். இடுப்பு தொங்கக் கூடாது. இறங்கும்போது மூச்சை இழுத்து, எழும்போது விடுங்கள், மூச்சை அடக்காதீர்கள். தொழுகை விரிப்பு வழுக்கும் என்பதால் வெறுந்தரையில் செய்யுங்கள்.

தள்ளுவது பாதி, இழுப்பது பாதி

தண்டால் மட்டும் எடுப்போருக்கு மார்பு வலுத்து முதுகு பலவீனமாகவே நிற்கும். தோள் முன்னோக்கி வளையத் தொடங்கும். நாள் முழுக்கக் கைப்பேசியைக் குனிந்து பார்க்கும் பிள்ளைகளுக்கு இது இன்னும் மோசம். எனவே ஒவ்வொரு தள்ளும் பயிற்சிக்கும் ஓர் இழுக்கும் பயிற்சி வேண்டும்.

தூண் இழுப்பு: உறுதியான தூணைச் சுற்றி வலுவான கயிறு அல்லது முறுக்கிய வேட்டியைப் போட்டு, இரு முனைகளையும் பிடித்துப் பின்னால் சாயுங்கள். முழங்கைகளை விலாவோரம் இழுத்து மார்பைத் தூணருகே கொண்டுவாருங்கள். பாதங்களைத் தூணுக்கு அருகே நகர்த்தச் சாய்வும் பளுவும் கூடும்.

மேசைக்கடியில் இழுப்பு: கனமான மர மேசையின் கீழ் மல்லாந்து படுத்து, அதன் விளிம்பைப் பிடித்து மார்பை உயர்த்துவது. மேசை கவிழாது என்று முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

தொங்கல்: வேம்பு போன்ற உறுதியான மரத்தின் தடித்த கிளையில் 10 முதல் 30 விநாடிகள் தொங்குவது. பழகிய பின் முகவாய் கிளைக்கு மேல் வரும்படி ஏற முயலலாம். ஏற முடியாதவர்கள் முக்காலியில் ஏறிப் பிடித்து மெதுவாக இறங்கிப் பழகலாம். முருங்கைக் கிளை எளிதில் முறியும், அதைத் தொடாதீர்கள். மின்விசிறிக் கொக்கியில் ஒருபோதும் தொங்காதீர்கள்.

இவற்றுடன், முன்கைகளையும் கால்விரல்களையும் ஊன்றி உடலைப் பலகைபோல் 20 முதல் 40 விநாடிகள் நிறுத்துவது வயிற்றுக்கும் இடுப்புக்கும் பலம் தரும். திண்ணை விளிம்பில் பின்புறமாகக் கையூன்றி உடலைச் சற்றே இறக்கி ஏற்றுவது பின்கைக்கு நல்லது. தோள் வலி உள்ளவர்கள் இதைத் தவிர்க்கவும். பிளாஸ்டிக் நாற்காலியில் செய்ய வேண்டாம், சறுக்கிவிடும்.

வார அட்டவணை

ஞாயிறு, செவ்வாய், வியாழன் ஆகிய மூன்று நாட்கள், நாளொன்றுக்கு 20 நிமிடங்கள் போதும். ஃபஜ்ருக்குப் பின்போ அஸருக்குப் பின்போ நேரம் குறித்துக்கொள்ளுங்கள். தொழுகையை ஒட்டிக் குறித்த நேரம் எளிதில் தவறாது.

முதல் 3 நிமிடங்கள் கைகளைச் சுழற்றி, இருந்த இடத்தில் நடந்து உடலைச் சூடாக்குங்கள். பிறகு தண்டால் 8 முதல் 12 முறை, ஒரு நிமிட ஓய்வு, தூண் இழுப்பு 8 முதல் 12 முறை, மீண்டும் ஓய்வு. இதை மூன்று சுற்று செய்து, பலகை நிலையுடன் முடியுங்கள். மூன்று சுற்றிலும் 12 முறை சரியாகச் செய்ய முடிந்தால் அடுத்த படிக்கு ஏறுங்கள். ஒரே படியில் ஒரு மாதம் நின்றாலும் கவலை வேண்டாம். முதல் சில வாரங்களில் தசை பருப்பதில்லை. இருக்கும் தசையை இயக்க நரம்புகள் பழகுகின்றன. கண்ணாடியில் மாற்றம் தெரியும் முன்பே மூட்டையைத் தூக்கும்போது மாற்றம் தெரியும்.

ரமலானில் இரண்டு நாட்களாகக் குறைத்து, தராவீஹுக்குப் பின் அல்லது நோன்பு திறந்து சில மணி நேரம் கழித்துச் செய்யலாம்.

நம் வீட்டுப் பெண்களுக்கு

உடற்பயிற்சிக் கூடம் செல்ல வாய்ப்பில்லாத பெண்களுக்கே இந்த முறை பெரிதும் பயன்படும். மஹ்ரமல்லாத ஆண்கள் இல்லாத அறை ஒன்று போதும். பணமும் செலவில்லை. உடல் ஆண்களைப்போல் முறுக்கேறிவிடும் என்ற அச்சம் தேவையற்றது. அந்த அளவுக்குத் தசை வளரச் செய்யும் டெஸ்டோஸ்டிரோன் சுரப்பு பெண்களுக்கு மிகக் குறைவு. நாற்பதைக் கடந்த பெண்களுக்கு எலும்பு தேய்வதைத் தடுக்க இத்தகைய பயிற்சி உதவுகிறது. கர்ப்பிணிகளும் பிரசவித்தவர்களும் மருத்துவரைக் கேட்ட பின்னரே தொடங்க வேண்டும்.

ஆண்களுக்கு ஒரு சொல்: தொப்புள் முதல் முழங்கால் வரை மறைப்பது பயிற்சியிலும் பொருந்தும்.

உணவு

60 கிலோ எடையுள்ளவருக்கு நாளொன்றுக்குச் சுமார் 50 கிராம் புரதம் வேண்டும். ஒரு முட்டையில் 6 கிராம், 100 கிராம் மீனில் ஏறத்தாழ 20 கிராம், வேகவைத்த கொண்டைக்கடலை 100 கிராமில் ஏறத்தாழ 9 கிராம் கிடைக்கும். சோற்றையும் பரோட்டாவையும் குறைத்துப் பருப்பு, முட்டை, மீனைக் கூட்டினால் போதும். வயிற்றில் மூன்றில் ஒரு பங்கு உணவுக்கு, ஒரு பங்கு நீருக்கு, ஒரு பங்கு மூச்சுக்கு என்ற நபிமொழியின் அளவுகோல் (திர்மிதி) நமக்கு இருக்கிறது. விரைவில் உடல் ஏற்றுவதற்காக ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொள்வது இதயத்தையும் கல்லீரலையும் மலட்டுத்தன்மை வரை உடலையும் கெடுக்கும். தனக்குத் தானே தீங்கிழைப்பதை மார்க்கம் அனுமதிப்பதில்லை. பிள்ளைகள் என்ன பொடி வாங்குகிறார்கள், என்ன ஊசி போடுகிறார்கள் என்று அத்தாமார்கள் கவனிக்க வேண்டும்.

யார் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்?

2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நாட்டில் சுமார் 10 கோடி பேருக்கு நீரிழிவு இருப்பதாக மதிப்பிட்டது. தசை வலுத்தால் உடல் சர்க்கரையை நன்றாகப் பயன்படுத்தும். எனவே நீரிழிவு உள்ளவர்களுக்கு இப்பயிற்சி குறிப்பாக நன்மை தரும். ஆனால் இன்சுலின் அல்லது சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரை எடுப்போர் வெறும் வயிற்றில் செய்ய வேண்டாம். நீரிழிவால் விழித்திரை பாதிக்கப்பட்டவர்கள், இதய நோய், கட்டுப்படாத இரத்த அழுத்தம், குடலிறக்கம் உள்ளவர்கள் மருத்துவரின் அனுமதி பெற்றே தொடங்க வேண்டும்.

நீரிழிவு உள்ளவர்களுக்குத் தோள் இறுகிப்போகும் நோய் மற்றவர்களைவிட அதிகம் வருகிறது. தக்பீருக்குக் கையை உயர்த்தும்போதோ, சட்டை அணியும்போதோ தோள் வலித்து நின்றால் அதை வயதின் குறை என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

பயிற்சிக்கு மறுநாள் தசையில் வரும் மந்தமான வலி இயல்பு. மூட்டில் குத்தும் வலி இயல்பல்ல, உடனே நிறுத்துங்கள். நெஞ்சில் இறுக்கம், தாடைக்கோ கைக்கோ பரவும் வலி, தலைசுற்றல் வந்தால் தாமதிக்காமல் மருத்துவமனை செல்லுங்கள்.

குடும்பமாகச் செய்யுங்கள்

அத்தா கட்டிலில், அம்மா சமையல் மேடையில், மகன் தரையில், நன்னி சுவரில் என்று ஒவ்வொருவரும் தத்தம் படியில் ஒரே நேரத்தில் செய்யலாம். அடுத்தவர் எண்ணிக்கையோடு போட்டியிட வேண்டாம். சென்ற வாரத்துக் கணக்கோடு இந்த வாரத்தை ஒப்பிடுங்கள். குறைவாயினும் தொடர்ந்து செய்யப்படும் செயலே அல்லாஹ்வுக்கு மிக விருப்பமானது என்ற நபிமொழியின் கருத்து இதற்கும் பொருந்தும். அறுபது வயதுக்காரர் மூன்றாம் படியிலேயே நின்றுவிட்டாலும், ஸஜ்தாவிலிருந்து கையூன்றி எழ அது போதும்.

இறுதி மூச்சு வரை நின்றும் குனிந்தும் சிரம் பணிந்தும் தொழக்கூடிய ஆரோக்கியத்தை அல்லாஹ் நம் அனைவருக்கும் வழங்குவானாக. நாற்காலியில் அமர்ந்து தொழும் நம் பெரியவர்களின் தொழுகையை நிறைவாக ஏற்று, அவர்களின் நோய்களுக்கு ஷிஃபா அளிப்பானாக. ஆமீன்.