டூ-வீல் டிரைவ் பிக்கப்களில் குறைந்த செலவு சஸ்பென்ஷன் லிஃப்ட்

எஞ்சினின் விசை பின்சக்கரங்களுக்கு மட்டும் செல்லும் பிக்கப்பின் சட்டகத்தையும் உடலையும் சக்கரங்களுக்கு மேலே உயர்த்தி வைக்கும் மாற்றமே சஸ்பென்ஷன் லிஃப்ட். அமெரிக்காவில் இது பரவலாகச் செய்யப்படுகிறது. பாரம் ஏறினால் தாழும் என்பதால், இவ்வண்டிகளின் பின்புறம் தொழிற்சாலையிலிருந்தே முன்புறத்தைவிடச் சற்று உயர்ந்து வரும். அந்தச் சரிவைப் போக்க முன்பக்கத்தை மட்டும் உயர்த்துவது லெவலிங். முன்னும் பின்னும் உயர்த்துவது முழு லிஃப்ட். உயரம் இரண்டு, மூன்று அங்குலத்துக்குள் நிற்கும்வரை இது சிக்கனமான மாற்றம். அதைத் தாண்டினால், மலிவான பாகத்தில் மிச்சமான பணம் பால் ஜாயின்ட், டயர், புரொப்பெல்லர் ஷாஃப்ட் ஆகியவற்றின் தேய்மானமாகத் திரும்பி வரும்.

முன்புற அமைப்பும் செலவும்

செலவு குறைவதற்கு முதற்காரணம் வண்டியில் இல்லாத ஒரு பாகம். ஃபோர்-வீல் டிரைவ் வண்டியில் முன்சக்கரங்களையும் சுழற்றும் அரை ஷாஃப்ட்கள் உண்டு. அவற்றின் இணைப்புகள் ஓரளவுக்கு மேல் சாய்ந்தால் விரைவில் கெடும். ஆகவே அதிகம் உயர்த்துவோர் முன் டிஃபரன்ஷியலையும் கீழிறக்க வேண்டியிருக்கிறது. டூ-வீல் டிரைவில் அந்தச் சிக்கலே இல்லை. இவற்றில் பெரும்பாலானவை மேலும் கீழும் இரு கன்ட்ரோல் ஆர்ம்களும் நடுவே சுருள் ஸ்பிரிங்கும் கொண்டவை. ஸ்பிரிங் கீழ் ஆர்மின் இடைப்பகுதியில் உட்கார்ந்திருப்பதால், ஓர் அங்குல ஸ்பேசர் சக்கரத்தருகே ஏறத்தாழ இரண்டு அங்குல உயரம் தரும். ஆனால் அதே நெம்புகோல் கணக்கு ஆர்ம்களைக் கீழ்நோக்கிச் சாய்த்து, பால் ஜாயின்ட்டை அதன் எல்லையை நோக்கித் தள்ளி, காம்பர், காஸ்டர் கோணங்களையும் கலைத்துவிடும். எனவே வீல் அலைன்மென்ட் கூலியைச் சேர்க்காமல் சொல்லும் விலை முழு விலையாகாது. சக்கர அச்சைத் தாழ்வாகப் பொருத்திய லிஃப்ட் ஸ்பிண்டில் ஸ்பேசரைவிட விலை கூடியது; ஆனாலும் ஆர்ம்களை அவற்றின் இயல்பான கோணத்திலேயே விட்டுவிடுகிறது. மூன்று அங்குலத்தை நெருங்குவோருக்கு அதுவே மொத்தக் கணக்கில் மலிவு. ஃபோர்டு 1965இல் கொண்டுவந்து, எஃப்-150 வண்டியில் 1996 வரை வைத்திருந்த ட்வின் ஐ-பீம் அமைப்பு இதற்கு விலக்கு. அதில் வெறும் ஸ்பேசர் வைத்தால் சக்கரத்தின் மேற்புறம் வெளியே சாய்ந்து டயரின் வெளி ஓரம் தேயும். பீம்களின் சுழல்முனைகளைத் தாங்கும் பிராக்கெட்டுகளையும் இறக்கியாக வேண்டும்.

பின்புற முறைகள்

பின்புறத்தில் பெரும்பாலும் லீஃப் ஸ்பிரிங் இருப்பதால் மூன்று வழிகள் உண்டு. ஆக்சிலுக்கும் ஸ்பிரிங்குக்கும் இடையே பிளாக் வைத்து நீளமான யூ-போல்ட்டால் கட்டுவது மிக மலிவு. பயணத்தின் மென்மையும் அப்படியே இருக்கும். ஆனால் பிளாக் உயர உயர, ஆக்சிலேட்டரை அழுத்தும்போது ஆக்சில் முறுகி, ஸ்பிரிங்கின் பட்டைகள் நெளியும். கூடுதலாக ஒரு பட்டை சேர்த்தால் பாரம் தாங்கும் உறுதி கூடும், வெறும் வண்டி துள்ளும். நீளமான ஷாக்கிள் போட்டால், கூட்டிய நீளத்தில் ஏறத்தாழப் பாதியே உயரமாகக் கிடைக்கும். பினியன் கோணமும் மாறும். எம்முறையாயினும் பிரேக் ஹோஸுக்கும் ஷாக் அப்சார்பருக்கும் போதிய நீளம் இருக்கிறதா என்று பார்ப்பது கட்டாயம்.

மறுப்புகளும் விடைகளும்

‘விசை பின்சக்கரங்களுக்கு மட்டுமே செல்லும் வண்டியை உயர்த்தி என்ன பயன்?’ என்பது முதல் மறுப்பு. பிடிமானம் அதிகரிக்காது என்பது உண்மையே. வெற்றுத் தொட்டியுடன் ஓடும் பிக்கப் சேற்றில் வழுக்கினால், டிஃபரன்ஷியல் லாக்கரோ தொட்டியில் வைத்த மணல் மூட்டையோ லிஃப்டைவிட அதிகம் உதவும். ஆனால் பிடிமானம் வேறு, தரையிலிருந்து கிடைக்கும் இடைவெளி வேறு. டொயோட்டா 1998இல் ஃபோர்-வீல் டிரைவ் வகையின் உயரத்தோடு, பின்சக்கர இயக்க டகோமா ப்ரீரன்னரை விற்கத் தொடங்கியதே இத்தேவை உண்மையானது என்பதற்குச் சான்று. பாஜா கலிஃபோர்னியா பாலைவனப் பந்தயங்களில் நெடுங்காலம் முன்னணியில் ஓடியவையும் பின்சக்கர இயக்க வண்டிகளே. அவற்றுக்கு வலுச்சேர்த்தது உயரம் மட்டுமன்று, நீண்ட சஸ்பென்ஷன் அசைவும் அகன்ற சக்கர இடைவெளியுமாகும். இவ்விரண்டையும் ஸ்பேசர் தராது.

இரண்டாவது மறுப்பு இன்னும் கூர்மையானது: பின் டிஃபரன்ஷியல் ஆக்சிலோடு சேர்ந்தது, சட்டகத்தை எவ்வளவு உயர்த்தினாலும் அது இருந்த இடத்திலேயே இருக்கும். இதுவும் சரி. அதை உயர்த்துவது டயர் மட்டுமே: 29 அங்குல டயருக்குப் பதில் 31 அங்குல டயர் போட்டால் ஓர் அங்குலம் கிடைக்கும். லிஃப்ட் செய்வது அந்தப் பெரிய டயருக்கு இடம் விடுவதும், மேட்டில் முன் பம்பர் இடிக்காமல் காப்பதுமே. அதற்கும் விலை உண்டு: ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது வண்டி 64இல் ஓடும், இழுவையும் குறையும்.

மூன்றாவது மறுப்பு பாதுகாப்பு பற்றியது. இடது, வலது சக்கரங்களுக்கிடையிலான இடைவெளியை ஈர்ப்பு மைய உயரத்தின் இரு மடங்கால் வகுத்து வருவதை அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்புத் துறை கவிழும் அபாயத்தைக் கணிக்கப் பயன்படுத்துகிறது. இடைவெளி 64 அங்குலமும் மையம் 27 அங்குலமும் என்று கொண்டால் விடை 1.19; மையம் இரண்டு அங்குலம் ஏறினால் 1.10. எண் குறையக் குறைய அபாயம் கூடும் என்பதால் இழப்பு சிறிதன்று. ஆறு அங்குல லிஃப்டைத் தவிர்க்க இதுவே போதிய காரணம். இரண்டு அங்குல லிஃப்டில் திருப்பங்களில் வேகத்தைக் குறைத்தாக வேண்டும். ஆகவே தேவையான டயர் அளவை முதலில் முடிவுசெய்து, அது பொருந்தும் அளவுக்கு மட்டும் உயர்த்தி, மீதிப் பணத்தை அலைன்மென்டுக்கும் நல்ல ஷாக் அப்சார்பருக்கும் செலவிடுவதே குறைந்த செலவு லிஃப்டின் சரியான வரிசை.