கிளாஸ்கோவில் ஒரு "துரோகி": 1989 ஜூலை 10

கொஞ்சம் நீண்ட பதிவு. நேரம் கிடைக்கும்போது முழுமையாக வாசியுங்கள்.

எமது பகுதியில் உதைபந்தாட்டச் சுற்றுப்போட்டிகள் தொடங்கிவிட்டால் ஒரு விடயத்தைத் தவறாமல் காணலாம். ஒரு பையன் ஒரு கழகத்தை விட்டு எதிர்க் கழகத்துக்குப் போனால், அன்றிரவே அவனுடைய படத்தைப் போட்டு "துரோகி", "காசுக்கு விலைபோனவன்" என்று எழுதுகிறார்கள். எழுதுவது வெளியார் அல்ல. ஊர் விளையாட்டுப் பக்கங்களை நடத்தும் எமது பிள்ளைகள்தான். பத்திரிகை இல்லாத ஊருக்கு அந்தப் பக்கங்கள்தான் விளையாட்டு ஊடகம். ஆகவே இந்த வரலாற்றை முக்கியமாக அவர்களுக்காகவே எழுதுகிறேன்.

ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் இரண்டு பெரிய கழகங்கள் உள்ளன. ரேஞ்சர்ஸ் 1872இல் தொடங்கியது. செல்டிக் 1887இல் உருவானது. வறுமையால் அயர்லாந்திலிருந்து வந்து குடியேறிய கத்தோலிக்கக் குடும்பங்களின் பிள்ளைகளுக்குச் சாப்பாடு கொடுக்க நிதி திரட்டுவதற்காக, வோல்ஃப்ரிட் என்ற துறவி அதை ஆரம்பித்தார். காலப்போக்கில் செல்டிக் கத்தோலிக்கரின் கழகமாகவும் ரேஞ்சர்ஸ் புரட்டஸ்தாந்தினரின் கழகமாகவும் ஆகிவிட்டன. கத்தோலிக்கர் என்று அறியப்பட்ட வீரரை ரேஞ்சர்ஸ் எடுப்பதில்லை என்பது பல தசாப்தங்களாக எழுதப்படாத சட்டமாக இருந்தது. எந்தக் கடதாசியிலும் இல்லாத சட்டம், ஆனால் ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

மோ ஜோன்ஸ்டன் கிளாஸ்கோவில் பிறந்து கத்தோலிக்கராக வளர்ந்தவர். செல்டிக் கழகத்துக்குக் கோல்களைக் குவித்தவர். 1986 ஒக்டோபரில் ரேஞ்சர்ஸுக்கு எதிரான லீக் கிண்ண இறுதிப் போட்டியில் அவருக்குச் சிவப்பு அட்டை காட்டப்பட்டது. மைதானத்தை விட்டு வெளியேறும்போது சிலுவை அடையாளம் இட்டுக்கொண்டே போனார். ரேஞ்சர்ஸ் ரசிகர்கள் அதை மறக்கவில்லை. 1987இல் பிரான்சின் நாந்த் கழகத்துக்குப் போனார்.

1989 மே மாதம் செல்டிக் அவரைத் திரும்ப அழைத்து வந்தது. பச்சை வெள்ளை ஜேர்சியுடன் பத்திரிகையாளர் முன் நிறுத்தியது. ஊரின் மகன் வீடு திரும்புகிறான் என்ற தோரணையில் செய்திகள் வந்தன. ஆனால் ஒப்பந்தம் முடிவாகவில்லை. இரண்டு மாதம்கூட ஆகவில்லை, ஜூலை 10ஆம் திகதி ரேஞ்சர்ஸ் முகாமையாளர் கிரேம் சூனஸ் அதே மனிதரை ஐப்ரொக்ஸ் மைதானத்தில் அறிமுகப்படுத்தினார். விலை 15 இலட்சம் பவுண். அன்று காலை "சன்" பத்திரிகை இந்தச் செய்தியை முதலில் வெளியிட்டபோது பலர் நம்பவே இல்லை.

ஊடகங்கள் அடுத்து என்ன செய்தன என்பதைக் கவனியுங்கள். ஐப்ரொக்ஸ் வாசலில் சில ரசிகர்கள் கழுத்துத் துணிகளையும் பருவகால நுழைவுச்சீட்டுகளையும் எரித்தார்கள். கமெராக்கள் அங்கே போய் நின்றன. அந்தக் காட்சிதான் நாடெங்கும் போனது. இன்றுவரை எந்த விவரணப்படத்திலும் அதைத்தான் காட்டுகிறார்கள். வீட்டில் இருந்துகொண்டு "நல்லா விளையாடினால் சரி" என்று நினைத்தவரைத் தேடி எந்தக் கமெராவும் போகவில்லை. நெருப்பு படமாகும், பொறுமை படமாகாது.

இன்னொரு பக்கம் செல்டிக் ரசிகர்களுக்கு அவர் "யூதாஸ்" ஆனார். இரண்டு தரப்பும் வெறுத்த மனிதராக, மிரட்டல்களுக்கு நடுவே, மெய்ப்பாதுகாவலரோடு நடமாடினார். அவருடைய ஜேர்சியை எடுத்து வைக்கக் கழகத்தின் உடைப் பொறுப்பாளரே மறுத்தார் என்று அணி வீரர்கள் பின்னர் சொன்னார்கள்.

1989 நவம்பர் 4. ஐப்ரொக்ஸில் செல்டிக் வந்து விளையாடுகிறது. ஆட்டம் முடிய ஒருசில நிமிடங்கள் இருக்கையில் ஜோன்ஸ்டன் கோல் அடித்தார். ரேஞ்சர்ஸ் 1-0 என வென்றது. ஜூலையில் அவர் வேண்டாம் என்ற அதே கூட்டம் துள்ளிக் குதித்தது. அந்தப் பருவத்தில் லீக் பட்டமும் ரேஞ்சர்ஸுக்கே. 1998இல் இத்தாலியக் கத்தோலிக்கரான லொரென்சோ அமொருசோ அதே ரேஞ்சர்ஸின் தலைவரானார். எழுதப்படாத சட்டம் உடைந்துவிட்டது. உடைத்தவர் 1991இல் எவர்ட்டனுக்குப் போனார். பின்னர் அமெரிக்காவிலும் கனடாவிலும் பயிற்றுநராக இருந்தார்.

கழகம் மாறுவது எங்கும் இப்படித்தான் முடியும் என்றில்லை. கல்கத்தாவைப் பாருங்கள். 1980இல் ஈஸ்ட் பெங்கால் வீரர்கள் பலர் ஒன்றாக மொஹமெடன் ஸ்போர்ட்டிங்குக்குப் போனார்கள். முஸ்லிம்களின் கழகம் என்று பெயரெடுத்த அணியில் சுர்ஜித் சென்குப்தா போன்ற இந்து வீரர்கள் விளையாடினார்கள். அவர்கள் விட்டுப்போன ஈஸ்ட் பெங்காலுக்கு ஈரானியர்களான மஜீத் பிஷ்கரும் ஜம்ஷித் நசீரியும் வந்து கோல் அடித்தார்கள். பாய்ச்சுங் பூட்டியா ஈஸ்ட் பெங்காலுக்கும் மோகன் பகானுக்கும் இடையே பல தடவை மாறினார். கோபம் வந்தது, வழக்கும் வந்தது, ஆனால் அவர் இந்திய உதைபந்தாட்டத்தின் செல்லப்பிள்ளையாகவே இருந்தார். அதேவேளை அந்த நகரமும் விலை கொடுத்தது: 1980 ஓகஸ்ட் 16 அன்று ஈடன் கார்டன்ஸில் ஈஸ்ட் பெங்கால்-மோகன் பகான் ஆட்டத்தில் ரசிகர் மோதலில் 16 பேர் இறந்தார்கள். விளையாட்டுப் பார்க்கப் போன பிள்ளைகள்.

இதைக் கண்டியில் இருந்துகொண்டு ஏன் எழுதுகிறேன்? எழுத்தின் வலிமையை எமக்கு யாரும் கற்றுத்தரத் தேவையில்லை. 2018 மார்ச்சில் திகன, தெல்தெனிய, அக்குறணைப் பக்கங்களில் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் எரிந்தபோது, கைத்தொலைபேசியில் பரவிய வார்த்தைகள் அந்த நெருப்புக்கு எண்ணெய் ஊற்றின. அரசாங்கம் சமூக ஊடகங்களையே முடக்க வேண்டி வந்தது. 2020இல் பேஸ்புக் நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. வெறுப்பு வார்த்தையால் அடிபட்ட ஊர், தன் பிள்ளையின் மேல் அதே வகை வார்த்தையை எறியலாமா? பட்டப்பெயர் சூட்டி அழைக்காதீர்கள் என்று சூரா ஹுஜுராத் சொல்வதை எமது மேடைகளில் எத்தனை தடவை கேட்டிருக்கிறோம்!

பக்கங்களை நடத்தும் தம்பிமாரிடம் ஒரு வேண்டுகோள். ஒரு வீரன் கழகம் மாறினால் செய்தியை எழுதுங்கள். எழுதுமுன் அவனிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். வேலையாக இருக்கலாம், பயிற்சி வசதியாக இருக்கலாம், முந்திய கழகத்தில் வாங்கில் உட்கார்ந்து அலுத்துப்போயிருக்கலாம். அவனுடைய விளையாட்டை எவ்வளவு வேண்டுமானாலும் விமர்சியுங்கள். குடும்பத்தையும் ஊரையும் இழுக்காதீர்கள். பின்னூட்டத்தில் யாராவது ஏசினால் அழித்துவிடுங்கள். அதிகம் பேர் பார்க்கிறார்கள் என்று விட்டுவைக்காதீர்கள்.

17 வயதுப் பையனுக்கு மெய்ப்பாதுகாவலர் கிடையாது. மறுநாள் காலை அதே பஸ்ஸில், அதே பாடசாலைக்குத்தான் அவன் வரவேண்டும்.