குடலிறக்கம்

குழந்தை வீறிட்டு அழும்போது தொடையிடுக்கில் ஒரு புடைப்பு தெரியும், தூங்கியதும் மறைந்துவிடும். மருத்துவர்கள் இதைக் குடலிறக்கம் என்கிறார்கள். அகராதி தேவைப்படாத சொல்தான், ஆனால் முழுக்கச் சரியான சொல் அல்ல. பெண் குழந்தைகளுக்கு இறங்கி வருவது பல நேரம் சினைப்பை.

ஊர்வழக்கில் இருந்த பழைய பெயர் ஓதம். ஈரம், கடல்நீர் என்றும் அதற்குப் பொருள் உண்டு. விரைப்பை வீங்கினால் 'ஓதம் இறங்கியிருக்கு' என்பார்கள். இறங்கியது நீரா குடலா என்று பிரித்துப் பார்ப்பதில்லை. உடற்கூறு தெரிந்தவர்களுக்கு அது அவ்வளவு பெரிய பிழையாகப் படாது. ஆண் சிசுவின் விரை வயிற்றிலிருந்து கீழே வரும்போது ஒரு சவ்வுப்பையும் உடன் வருகிறது. அதன் வாய் பின்னர் தானாக மூடிக்கொள்ள வேண்டும். மூடாமல் சிறு துளை மிஞ்சினால் நீர் மட்டும் கசியும். துளை பெரிதென்றால் குடலே நுழையும்.

பெரியவர்களுக்குப் பெரும்பாலும் தசை தளர்வதால் வருவது, அதனால் வலை வைத்துத் தைக்கிறார்கள். குழந்தைக்கு அந்த வாயைக் கட்டினால் போதும்.

போலந்து அறுவை மருத்துவர் டாரியுஷ் பட்கோவ்ஸ்கி 2006இல் வெளியிட்ட முறையில் தொப்புள் வழியே கேமரா நுழைகிறது; தோலில் குத்திய ஊசியால் அந்த வாயைச் சுற்றி நூலைச் செலுத்தி முடிச்சிடுகிறார்கள். அதே கேமராவால் மறுபக்கத்தில் திறப்பு இருக்கிறதா என்றும் பார்த்துவிடலாம்.