நாற்காலியை மறுத்த விருந்தாளி



நம்முடைய ஃபேர்லேண்ட்ஸ் பகுதியில் பிள்ளைகளுள் ஒருவராவது கடல் கடந்து சென்ற வீடுகள் பல உண்டு. அவர்கள் திரும்பி வரும்போது முதல் வாரம் விருந்தும் உறவினர் வருகையுமாகக் கழிகிறது. பிறகு சிறு கசப்பு தொடங்குகிறது. "அங்கே இப்படி இல்லை" என்ற சொல் அடிக்கடி எழுகிறது. "பிள்ளைக்கு இப்போது நம் வீடு பிடிக்கவில்லை" என்று பெற்றோர் மனம் வருந்துகின்றனர். திரும்பி வந்தவரோ, சொந்த ஊரிலேயே அந்நியனாகிவிட்டேனே என்று உள்ளுக்குள் கலங்குகிறார். இவ்விரு வேதனைகளையும் மனத்தில் கொண்டு, நம்மைப் போன்ற ஒரு தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவரின் வரலாற்றை இவ்வாரம் உங்கள் முன் வைக்கிறேன்.

1892ஆம் ஆண்டு தஞ்சாவூரில் பிறந்தவர் ஜோசப் செல்லத்துரை கொர்னேலியஸ். லண்டனில் கணக்கியல் பயின்று, பம்பாயில் தணிக்கையாளராகத் தொழில் நடத்தினார். 1927இல் அமெரிக்கா சென்று, சிராக்யூஸ் பல்கலைக்கழகத்திலும் பின்னர் கொலம்பியா பல்கலைக்கழகத்திலும் கற்றார். அங்கே ஒரு தேவாலயத்தில், இந்தியா ஏன் ஏழ்மையில் இருக்கிறது என்பதைக் குறித்து உரையாற்றினார். அச்செய்தியை நாளிதழில் கண்ட அவருடைய பேராசிரியர் செலிக்மன், அதையே ஆராயும்படி தூண்டினார். இவ்வாறு தாய்நாட்டின் வறுமைக்கான காரணத்தை அவர் நியூயார்க் நகரத்து நூலகங்களில் தேடினார்.

1929இல் நாடு திரும்பியபின், அந்த ஆய்வுரையுடன் காந்தியடிகளைக் காண சபர்மதி ஆசிரமத்துக்குச் சென்றார். குறித்த நேரத்துக்குச் சற்று முன்னரே வந்தவர், மரத்தடியில் சாணம் மெழுகிய தரையில் அமர்ந்து இராட்டை நூற்றுக்கொண்டிருந்த முதியவர் ஒருவரைக் கைத்தடியை ஊன்றியபடி வேடிக்கை பார்த்து நின்றார். இராட்டையை அவர் கண்டது அதுவே முதன்முறை. சில நிமிடங்களுக்குப் பிறகு அம்முதியவர் பொக்கை வாயில் புன்னகையுடன், நீங்கள்தாமோ என்று பெயரைக் கேட்டு விசாரித்தபோதுதான் அவர் யாரென்று இவருக்கு விளங்கிற்று. உடனே, பட்டுக் காற்சட்டையின் மடிப்பு கலைவதையும் பாராமல் தரையில் அமர்ந்தார். உள்ளிருந்து ஒருவர் நாற்காலி கொண்டு ஓடிவந்தார். காந்தியடிகள் தரையில் இருக்கத் தாம் நாற்காலியில் அமர்வதில்லை என்று மறுத்துவிட்டார்.

கொலம்பியாவில் பட்டம் பெற்றவருக்குக் காந்தியடிகள் அளித்த முதல் பணி, குஜராத்திலுள்ள மாதர் தாலுகாவின் கிராமங்களை ஆய்வு செய்வது. அம்மக்களின் மொழி அவருக்குத் தெரியாது. வித்யாபீட மாணவர்கள் துணையுடன் ஊர் ஊராகச் சென்று குடியானவர்களின் வரவு செலவைக் கேட்டறிந்தார். அவ்வறிக்கை 1931இல் வெளிவந்தது. நூலகத்தில் தேடியதன் மறுபாதியைக் குடிசை வாசலில் கண்டார்.

இதற்கிடையில் கொர்னேலியஸ் என்பதை விட்டு, முன்னோரின் பெயரான குமரப்பா என்பதை ஏற்றார். ஆம், ஜே. சி. குமரப்பா அவரே. பெயரும் உடையும் மாறினாலும் விசுவாசத்தை அவர் விடவில்லை. சிறையில் இருந்தபோது இயேசுவின் போதனைகளைக் குறித்து நூல் எழுதினார். அதற்குக் காந்தியடிகள் முன்னுரை வழங்கினார். வெளிநாட்டுக் கல்வியையும் அவர் வீசியெறியவில்லை. 1934இல் தொடங்கிய அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கத்தில் கைக்குத்தல் அரிசி, செக்கு எண்ணெய், பனைவெல்லம் ஆகியவற்றுக்காக உழைத்தபோது, தணிக்கையாளரின் அதே கணக்கறிவுதான் அவருக்குக் கைகொடுத்தது. 1960 ஜனவரி 30 அன்று அவர் காலமானார்.

நெகேமியாவையும் நினைத்துப் பாருங்கள். அரசனுடைய அரண்மனையில் உயர்ந்த பணியிலிருந்த அவர் எருசலேமுக்கு வந்ததும் குறைகூறத் தொடங்கவில்லை. மூன்று நாள் பொறுத்திருந்து, இரவில் சிலரோடு மட்டும் சென்று இடிந்த அலங்கத்தைப் பார்வையிட்டார். அதன்பிறகே, கட்டுவோம் வாருங்கள் என்று மக்களை அழைத்தார்.

திரும்பி வந்திருக்கும் அன்பரே, நீங்கள் கண்ட குறைகள் பொய்யல்ல. இடிந்த அலங்கம் நெகேமியாவின் கண்ணுக்கும் தெரிந்தது. ஆயினும் தீர்ப்புக்கு முன் சில காலம் தரையில் அமருங்கள். அம்மாவின் சமையலறையில் உட்கார்ந்து கேளுங்கள். நீங்கள் இல்லாத ஆண்டுகளில் இவ்வீட்டில் நடந்தவை பல உங்களுக்குத் தெரியாது.

வீட்டிலிருக்கும் பெரியோரே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. வந்தவருக்கு நாற்காலி கொடுத்து விருந்தாளியாகவே வைத்துவிடாதீர்கள். அவர் கற்றதைப் பயன்படுத்த ஒரு வேலையைக் கையில் கொடுங்கள். நம் சபையின் கணக்கும் ஞாயிறு பள்ளியும் அத்தகைய கைகளுக்காகக் காத்திருக்கின்றன.

திரும்பி வந்தோரையும் வரவேற்போரையும் கர்த்தர் ஒருமனப்படுத்தி ஆசீர்வதிப்பாராக. ஆமென்.